தலைக்குக் கவசம், காலுக்குச் சிலிப்பரா?

தோட்டத் தொழிலாளியின் மூலதனம் எது என்று கேட்டால் பலரும் கையைத்தான் காட்டுவார்கள். உளி பிடிப்பது கை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கையை மரத்துக்கு மரம் கொண்டு சேர்ப்பது எது? கால் அல்லவா? நானூறு, ஐந்நூறு மரங்களை மேடு பள்ளம் ஏறியிறங்கிச் சுற்றி வர வேண்டிய பால்வெட்டுத் தொழிலாளிக்குக் கால் முடங்கினால், தொழிலே முடங்கிற்று என்று பொருள்.

நம் முன்னோர் வெறுங்காலோடு வெட்டுக்காட்டில் நடந்தார்கள். கொக்கிப்புழு பாதத்தின் வழியாக உடம்பில் ஏறி இரத்தத்தைக் குடித்தது. சோகை பிடித்து நலிந்தவர் எத்தனையோ பேர். காலுக்கு ஒரு சப்பாத்து இருந்திருந்தால் அந்தக் கொடுமையில் பெரும்பகுதி குறைந்திருக்கும். இன்று அந்த ஆபத்து ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. ஆனால் நடை போய் மோட்டார் சைக்கிள் வந்திருக்கிறது. அதனுடன் புதிய ஆபத்தும் வந்திருக்கிறது. விடியுமுன் இருட்டில் காட்டுக்குப் போகும் தொழிலாளியும், ஆபீசுக்கும் பட்டணத்து வங்கிக்கும் அலையும் கிராணியாரும் இன்று நம்பியிருப்பது அந்த இரண்டு சக்கரத்தைத்தான்.

மலேசியாவில் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற விதி 1973ஆம் ஆண்டில் வந்தது. அன்று முணுமுணுத்தவர்கள் உண்டு. இன்று அதன் பயனை யாரும் மறுப்பதில்லை. ஆனால் முழங்காலுக்குக் கீழே பாருங்கள்! தலையில் கவசம், காலில் ஜப்பான் சிலிப்பர். இது என்ன நியாயம்?

2023ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டுச் சாலைகளில் 6,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்நாட்டில் சாலையில் மாள்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். உயிர் பிழைத்து ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களிடம் அதிகம் காணப்படும் காயம் காலில்தான். காரணம் எளிது. நாம் ஓட்டும் சிறிய கப்சாய் மோட்டாரே ஏறக்குறைய 100 கிலோ எடை உள்ளது. அது பக்கவாட்டில் சாயும்போது கால் வண்டிக்கும் சாலைக்கும் இடையில் அகப்படுகிறது. கணுக்கால் நசுங்குகிறது, முழங்கால் சரளையில் தேய்கிறது. முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பு சேற்றைத் தடுக்குமே தவிர, இந்த அடியைத் தடுக்காது.

வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்குச் சொக்சோ உண்டு. அது 1969ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. யாரும் இட்ட பிச்சையன்று. ஆனால் தற்காலிக முடக்கத்துக்குக் கிடைப்பது சராசரி நாள் சம்பளத்தில் நூற்றுக்கு 80 பங்குதான். மீதி 20 பங்கை யார் தருவார்? கணுக்கால் கூடிய பிறகும் சரிவான நிரையில் ஏற முடியாமல் போனால், அந்த வலிக்கு யார் ஈடு கொடுப்பார்? ஆகவே வருமுன் காப்பதே அறிவுடைமை.

"நல்ல பூட்ஸ் வாங்க நமக்கு வசதி ஏது?" என்று கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். 2025ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆயிற்று. வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. அரிசியும் பள்ளிச் செலவும் போக மிச்சம் கொஞ்சமே. மோட்டார் பந்தயக்காரர் போடும் பூட்ஸ் நமக்கு எட்டாது; அது தேவையும் இல்லை. எதை முதலில் வாங்குவது, எப்படிப் பார்த்து வாங்குவது என்று தெரிந்துகொண்டால், குறைந்த பணத்திலேயே பெரும் பாதுகாப்பைப் பெறலாம்.

முதலில் சிலிப்பர். விழுந்த மறுநொடியே அது காலைவிட்டுப் பறந்துவிடும். பிறகு வெறுங்கால்தான். காட்டில் நாம் விரும்பிப் போடும் மலிவான கறுப்பு ரப்பர் சப்பாத்து நடைக்கு நல்லது, சேற்றில் வழுக்காது. ஆனால் கணுக்காலை மூடாது. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் அட்டைக்கும் மழைக்கும் ஏற்றது. எனினும் அது மெல்லிய ரப்பர். தார்ச் சாலையில் உரசினால் கிழிந்துவிடும். தொளதொளவென்று இருப்பதால் எளிதில் கழன்றும் போகும். இவற்றைக் காட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்; சாலைக்கு வேண்டாம்.

சாலைக்கு ஏற்றதும் நம் சக்திக்கு உட்பட்டதும், தொழிற்சாலைத் தொழிலாளர் போடும் உயரமான பாதுகாப்புப் பூட்ஸ். இதில் ஐ.எஸ்.ஓ. 20345 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் உள்ள பூட்ஸின் முனைக்கவசம், ஏறக்குறைய 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடியைத் தாங்க வேண்டும். முனை பருமனாக இருந்தால் கியர் போட முடியாதே என்று சிலர் அஞ்சுவர். கப்சாயின் கியர் மிதியை முன்னாலும் பின்னாலும் மேலிருந்து மிதிக்கிறோம். முனையை அடியில் நுழைக்க வேண்டிய வேலை இல்லை. வலது கால் பிரேக்கை உணர்கிறதா என்பதை மட்டும் போட்டுப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

கடையில் நான்கு சோதனைகள் செய்யுங்கள். ஒன்று: பூட்ஸ் கணுக்கால் எலும்பு இரண்டையும் முழுதும் மூட வேண்டும். இரண்டு: குதிகாலை ஒரு கையிலும் முனையை மறு கையிலும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். ஈரத் துணிபோல் முறுகினால் வேண்டாம். மூன்று: கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, குதியைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். கடையில் கழலுவது சாலையில் கழலாதா? நான்கு: அடித்தோல் பசையால் மட்டும் ஒட்டியதா, தையலும் உள்ளதா என்று பாருங்கள். நம் மழைக்குப் பசை மட்டும் நீண்ட நாள் நிற்காது. கயிற்றின் முனையை உள்ளே செருகிவிடுவதும் அவசியம். தொங்கும் கயிறு மிதியில் மாட்டினால் அதுவே விபத்தாகும்.

சற்றுக் கூடுதலாகச் செலவு செய்யக் கூடியவர்கள், மோட்டார் ஓட்டிகளுக்கென்றே செய்த பூட்ஸில் ஈ.என். 13634 என்ற எண்ணைத் தேடலாம். அதன் அடையாளத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதலாவது உயரத்தையும், மற்ற மூன்றும் உரசல், வெட்டு, நசுங்கல் ஆகியவற்றைத் தாங்கும் தரத்தையும் காட்டும். 1ஐவிட 2 மேலானது.

அடுத்தது முழங்காலுக்கும் முன்காலுக்குமான கவசம். விளையாட்டுக் கடையில் விற்கும் துணியுறை சுளுக்குக்கு உதவும், விபத்துக்கு உதவாது. பந்து விளையாடுவோர் கட்டும் தகடும் முழங்காலை மூடுவதில்லை. வெளியே கெட்டியான ஓடு, உள்ளே தடித்த மெத்தை, முழங்காலுக்கும் முன்காலுக்கும் இடையில் மடங்கும் மூட்டு, இரண்டு மூன்று அகலமான பட்டை: இவை உள்ளதையே வாங்குங்கள். நின்றபடி போட்டுப் பார்த்தால் போதாது. வண்டியில் உட்கார்ந்து முழங்காலை மடக்கிப் பாருங்கள். பலவும் அப்போதுதான் நழுவும். கையால் திருகினால் பக்கவாட்டில் சுழலும் கவசம் விழும்போதும் சுழலும். ஈ.என். 1621-1 என்ற எண்ணோடு ஆங்கில எழுத்துகளான கே, எல் இரண்டும் இருந்தால், முழங்காலுக்கும் முன்காலுக்கும் சேர்த்துச் சோதித்தது என்று அறியலாம்.

"உஷ்ணத்தில் யார் இதைக் கட்டுவது?" என்பர் சிலர். நாம் காட்டுக்குப் போவது விடியற்காலைக் குளிரில். போய்ச் சேர்ந்ததும் கழற்றிவிட்டு ரப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொள்ளலாம். கிராணியார்கள் ஆபீஸ் சப்பாத்தைப் பையில் வைத்துக்கொள்ளலாம். "தோட்டத்துப் பாதையில் மெதுவாகத்தானே போகிறோம்?" என்பர் வேறு சிலர். மெதுவாகப் போனாலும் வண்டியின் எடை குறைவதில்லையே! மழை நனைந்த செம்மண்ணில் வழுக்கவும், இருட்டில் குறுக்கே ஓடும் பன்றியில் மோதவும் வேகம் தேவையில்லை. "எல்லாம் தலையெழுத்து" என்போருக்கு ஒன்று சொல்வோம்: தலையெழுத்தை நம்புகிறவரும் மழைக்குக் குடை பிடிக்கத்தான் செய்கிறார்.

உண்மையை மறைக்க வேண்டாம். லோரி ஏறினால் எந்தப் பூட்ஸும் காப்பாற்றாது. ஆனால் சறுக்கி விழுதல், வண்டி காலில் சாய்தல் போன்ற சில்லறை விபத்துகளில் தோல் உரிவதையும் விரல் நசுங்குவதையும் பெருமளவு தடுக்கலாம். பின்னால் அமரும் மனைவி மக்களுக்கும் மூடிய சப்பாத்து வேண்டும். புகைக்குழாயில் சுட்டுக்கொள்வதும், பிள்ளைகளின் பாதம் சக்கரக் கம்பியில் சிக்குவதும் நாம் அறிந்தவைதானே?

இந்தச் சுமை முழுவதையும் தொழிலாளியின் பைக்குள் தள்ளிவிட நாம் சம்மதிக்கக் கூடாது. ஒரு காட்டிலிருந்து மறு காட்டுக்கு, காட்டிலிருந்து ஸ்டோருக்கு, தொழிலாளி சொந்த மோட்டாரில் ஓடுவதால் யாருக்கு லாபம்? நிர்வாகத்துக்கு அல்லவா? அந்த ஓட்டம் வேலையின் ஒரு பகுதி. வேலையிடப் பாதுகாப்பு முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கூறுகிறது. அச்சட்டப்படி கொடுக்கப்படும் சாதனத்துக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்பதும் அதன் 26ஆவது பிரிவில் உண்டு. வேலை நேரத்தில் மோட்டார் ஓட்ட வேண்டிய ஒவ்வொருவருக்கும் பூட்ஸ் கேட்பது சலுகை கேட்பதாகாது.

தோட்டக் கமிட்டிகள் இதை அடுத்த கூட்டத்திலேயே பேச வேண்டும். நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். பதில் வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். இருபது முப்பது பேர் ஒன்றுசேர்ந்து அளவு எழுதிக் கொடுத்து மொத்தமாக வாங்கினால், கடைக்காரர் விலையைக் குறைப்பார். ஒரே மாதத்தில் எல்லாம் வாங்க முடியாதவர்கள் முதலில் கணுக்காலை மூடும் பூட்ஸ் வாங்கட்டும். அடுத்த மாதம் முழங்கால் கவசம்.

தோழர்களே! நாம் வெட்டிய பால் உலகமெங்கும் டயராக ஓடுகிறது, பூட்ஸாக நடக்கிறது. அதை வெட்டியவன் காலுக்கு மட்டும் சிலிப்பர் போதும் என்று யார் விதித்தது? நம் காலின் அருமையை நாமே உணராவிட்டால், முதலாளியா உணரப் போகிறான்?