வண்ணம் பூசிய மூளை

வாட்ஸ்அப்பில் வாரத்துக்கு ஒரு மூளைப் படமாவது வந்துவிடுகிறது. சாம்பல் நிறத்தில் ஒரு மூளை, அதில் ஆங்காங்கே சிவப்பும் மஞ்சளுமாகத் திட்டுகள். கீழே ஒரு வாசகம். தியானம் செய்கிறவரின் மூளை, செய்யாதவரின் மூளை. காதலிக்கிறவரின் மூளை, பொய் சொல்கிறவரின் மூளை, கைப்பேசியே கதி என்று கிடக்கும் பிள்ளையின் மூளை. வாயால் சொன்னால் "அப்படியா, யார் சொன்னது?" என்று கேட்கிறவர்கள்கூட, படத்தைக் கண்டதும் அடங்கிவிடுகிறார்கள். படத்திலேயே தெரிகிறதே, இனி என்ன கேள்வி!

கேள்வி நிறைய இருக்கிறது என்பது என் கட்சி. இப்படி வரும் படங்களில் பல எஃப்.எம்.ஆர்.ஐ. என்ற முறையில் எடுக்கப்பட்டவை. அந்த முறை ஓர் அற்புதம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது எதை அளக்கிறது என்று தெரியாமல் அதை நம்புவதும் தவறு, ஒதுக்குவதும் தவறு. அந்த முறைக்கு அடிப்படையே ஒரு புரதம்தான். முப்பது வருஷத்துக்கு மேல் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் என்பதால் அந்தப் புரதத்தோடு எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்தப் புரதம் ஹீமோகுளோபின். நம் ரத்தத்தின் சிவப்பு. நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு போய் உடம்பெங்கும் இறக்கிவிட்டு வரும் சுமைகூலி. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பு அணுக்கள். இரும்பு இருக்கிறதே, காந்தம் ரத்தத்தை இழுக்குமா? இந்தக் கேள்வி மைக்கேல் ஃபாரடேவுக்கு 1845-லேயே வந்தது. காய்ந்த ரத்தத்தைக் காந்தத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தார். இழுக்கவில்லை. புதிய ரத்தத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று குறிப்பு எழுதி வைத்ததோடு சரி.

விடை கிடைக்கத் தொண்ணூற்றொரு வருஷம் ஆயிற்று. 1936-இல் அமெரிக்காவில் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் அதைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் கூய் தராசு என்று ஒன்று இருந்தது. மாதிரிப் பொருளைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, தராசிலிருந்து இரண்டு காந்த முனைகளுக்கு நடுவே தொங்கவிடுவோம். காந்தத்தை இயக்கியதும் எடை கூடினால், அந்தப் பொருளில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் இருக்கின்றன. இம்மி குறைந்தால், எல்லா எலக்ட்ரானும் ஜோடியாக இருக்கின்றன. பாலிங்கும் கோரியெலும் ரத்தத்துக்குச் செய்த சோதனையின் தத்துவமும் இதுதான். ஆக்சிஜனை ஏற்றிக்கொண்ட ஹீமோகுளோபினைக் காந்தம் இழுப்பதில்லை. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினை இழுக்கிறது. அதன் ஒவ்வொரு இரும்பு அணுவிலும் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் நான்கு. ஒரே புரதம், ஆக்சிஜன் வந்து உட்கார்ந்தால் ஒரு குணம், எழுந்து போனால் வேறு குணம்.

அப்போது இதனால் யாருக்கும் காலணாவுக்குப் பிரயோஜனம் இல்லை. ஐம்பத்து நான்கு வருஷம் கழித்து, 1990-இல், பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானியர் இதை எடுத்துப் பயன்படுத்தினார். சக்தி வாய்ந்த எம்.ஆர்.ஐ. காந்தத்துக்குள் எலியின் மூளையைப் படம் எடுத்தார். சாதாரணக் காற்றைச் சுவாசித்தபோது ரத்தக் குழாய்கள் கருப்புக் கோடுகளாகத் தெரிந்தன. சுத்த ஆக்சிஜனைக் கொடுத்ததும் கோடுகள் மறைந்தன. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் ஒரு குட்டிக் காந்தம்போலச் சுற்றுப்புறத்தைக் கலைத்து, படத்தில் தன் அடையாளத்தை விட்டுவிடுகிறது. 1992-இல் மனித மூளையிலும் இதே முறை பலித்தது. ஊசி இல்லை, கதிரியக்க மருந்து இல்லை. நம் ரத்தமே சாயமாகிவிட்டது. பாடம் நடத்துகிறவனுக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எஃப்.எம்.ஆர்.ஐ. அளப்பது ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறி இறங்குவதை. எண்ணத்தை அது தொடுவதே இல்லை. மூளையின் ஒரு பகுதி மும்முரமாக வேலை செய்தால் அங்கே ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. தேவைக்கும் மேலாகவே பாய்கிறது. அதனால் அந்த இடத்தில் ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபினின் பங்கு குறைந்து சமிக்ஞை கொஞ்சம் கூடுகிறது. கொஞ்சம் என்றால் சில சதவீதம்தான். நரம்பணு மில்லி விநாடிக் கணக்கில் பேசும். ரத்தம் உச்சத்தைத் தொட ஐந்தாறு விநாடி ஆகும். படத்தில் ஒரு புள்ளி என்பது வழக்கமாக இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனசதுரம். அதற்குள் லட்சக்கணக்கான நரம்பணுக்கள்.

சென்னைவாசிகளுக்குப் புரியும்படி ஒரு உதாரணம். தெருத்தெருவாகப் போகும் தண்ணீர் லாரிகளை ஒருவர் மொட்டை மாடியிலிருந்து எண்ணுகிறார். ஒரு தெருவுக்கு இன்று நான்கு லாரி போகிறது. அங்கே ஏதோ நடக்கிறது என்று அவர் சொல்லலாம், அது சரி. கல்யாணம் நடந்தால் லாரி போகும் என்பதும் சரி. ஆனால் லாரி போவதால் அங்கே கல்யாணம்தான் என்று சொல்ல முடியுமா? கருமாதியாக இருக்கலாம், வீடு கட்டலாம், மோட்டார் பழுதாகியிருக்கலாம். உள்ளே மாப்பிள்ளையும் பெண்ணும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று லாரியை வைத்துச் சொன்னால் சிரிக்க மாட்டோமா?

மூளை விஷயத்தில் சிரிக்காமல் நம்புகிறோம். 2011-இல் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை வந்தது. ஐஃபோனைப் பார்த்தபோது சிலருடைய மூளையில் இன்சுலா என்ற பகுதி சுறுசுறுப்படைந்ததாம், ஆகவே அவர்கள் ஐஃபோனை உண்மையிலேயே காதலிக்கிறார்களாம். நாற்பதுக்கும் மேற்பட்ட நரம்பியல் அறிஞர்கள் சேர்ந்து மறுப்புக் கடிதம் எழுதினார்கள். மூளைப் பட ஆய்வுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் இந்த இன்சுலா தலைகாட்டுகிறது. காதலுக்கும் வரும், அருவருப்புக்கும் வரும் என்றார்கள். லாரி கதைதான்.

அடுத்தது வண்ணம். மூளைக்குள் சிவப்பு விளக்கு எதுவும் எரிவதில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளில் எந்தெந்தப் புள்ளியின் மாற்றம் தற்செயல் அல்ல என்று கணக்குப் போட்டு, அவற்றுக்குக் கணினி நிறம் பூசுகிறது. கணக்கில் கோட்டை எங்கே கிழிக்கிறோம் என்பதைப் பொறுத்துத் திட்டு பெரிதாகும், சிறிதாகும், காணாமலும் போகும். இதைக் காட்டத்தான் கிரெய்க் பென்னட்டும் தோழர்களும் 2009-இல் ஒரு சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்தார்கள். அதற்கு மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டி, இவர்கள் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். மீனின் மூளையில் சில புள்ளிகள் சிவந்தன. மீன் செத்துப்போய்ப் பல மணி நேரம் ஆகியிருந்தது! அத்தனை ஆயிரம் புள்ளிகளைச் சோதித்தால் சில புள்ளிகள் தற்செயலாகவே தேறிவிடும். அதற்கான திருத்தத்தைக் கணக்கில் சேர்த்ததும் சிவப்பெல்லாம் மறைந்தது. இந்த ஆய்வுக்கு 2012-இல் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம் அல்ல இது. 2020-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வில், 108 பேரின் ஒரே மூளைத் தரவை 70 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்து, ஒன்பது கருதுகோள்களுக்கு ஆம் அல்லது இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் கணக்குப் போடவில்லை. சில கேள்விகளுக்கு விடைகள் கணிசமாக வேறுபட்டன. இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தவர்கள் அந்தத் துறைக்காரர்களே என்பதைக் கவனியுங்கள். தன் தராசைத் தானே சோதித்துப் பார்க்கிற கடைக்காரர்மேல் எனக்கு மரியாதை கூடத்தான் செய்கிறது. நமக்கு வந்து சேரும் படத்தில் மட்டும் இந்த எச்சரிக்கை எதுவும் ஒட்டியிருப்பதில்லை.

சரி, பிறகு எங்கேதான் நம்பலாம்? 2006-இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்த உதாரணம். கார் விபத்தில் அடிபட்டு, கண் திறந்திருந்தும் எந்த எதிர்வினையும் காட்டாமல் கிடந்த 23 வயதுப் பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்ளும்படியும், வீட்டுக்குள் அறை அறையாக நடப்பதாக நினைத்துக்கொள்ளும்படியும் சொன்னார்கள். இரண்டுக்கும் அவருடைய மூளையில் ஆரோக்கியமானவர்களுக்கு வருகிற அதே பகுதிகள் தனித்தனியாக இயங்கின. நான்கு வருஷம் கழித்து வந்த இன்னொரு ஆய்வில், 54 நோயாளிகளில் ஐந்து பேரால் இப்படிச் செய்ய முடிந்தது. அவர்களில் ஒருவர் ஒரு கற்பனையை 'ஆம்' என்றும் மற்றதை 'இல்லை' என்றும் வைத்துக்கொண்டு கேள்விகளுக்குப் பதிலே சொன்னார். உள்ளே யாரும் இல்லை என்று எல்லோரும் நினைத்த இடத்திலிருந்து ஒரு குரல்! படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இங்கே மட்டும் ஏன் நம்புகிறேன்? என்ன வேலை கொடுத்தோம் என்பது முன்பே தெரியும். அந்த வேலைக்கு எந்த இடம் இயங்கும் என்பது ஆரோக்கியமானவர்களிடம் முன்பே பார்த்தாகிவிட்டது. எடுத்த முடிவும் சிறியது: இவர் நாம் சொல்வதைக் கேட்கிறார், அவ்வளவே. மூளைக் கட்டியை அறுக்கும் முன் பேச்சுக்கான பகுதி எங்கே இருக்கிறது என்று மருத்துவர்கள் பார்த்துக்கொள்வதும் இதே வகை. கல்யாணம் நடக்கிற தெரு எது என்று தெரிந்துகொண்டு லாரியை எண்ணுகிறார்கள்.

லாரியை மட்டும் எண்ணிவிட்டு மனிதனுக்குத் தீர்ப்பு எழுதுவதுதான் எனக்குப் பயம். இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. நம் நாட்டில் காவல்துறை விசாரணைகளில் 'மூளை வரைபடச் சோதனை' என்று ஒன்று நடந்துகொண்டிருந்தது. அது எஃப்.எம்.ஆர்.ஐ. இல்லை, தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளையின் மின் அலைகளைப் பதியும் வகை. கருவி வேறு, ஆசை ஒன்றுதான்: வாய் சொல்லாததை மூளை சொல்லிவிடும் என்ற ஆசை. 2008-இல் புனேயில் ஒரு கொலை வழக்கில் இப்படிப்பட்ட சோதனையின் முடிவு சாட்சியங்களில் ஒன்றாகவே ஏற்கப்பட்டது. 2010 மே 5-ஆம் தேதி, செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குக் கடிவாளம் போட்டது. உண்மை கண்டறியும் சோதனை, நார்கோ சோதனை, மூளை வரைபடச் சோதனை எதையும் ஒருவரின் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற அரசியல் சாசனப் பிரிவு 20(3) இதற்கும் பொருந்தும் என்றது. அதே வருஷம் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றமும், எஃப்.எம்.ஆர்.ஐ. வைத்து உண்மை சொல்கிறார் என்று நிரூபிக்க வந்த சாட்சியத்தை ஏற்க மறுத்தது. இரண்டும் நல்ல தீர்ப்புகள்.

நீதிமன்றத்தில் கேள்வி கேட்க வக்கீல் இருக்கிறார். வீட்டில் யார் இருக்கிறார்கள்? என் தம்பி மகள், தன் எட்டு வயதுப் பையனை ஏதோ ஒரு மூளைத்திறன் வகுப்பில் சேர்க்கப் போய், வழவழவென்று ஒரு ரிப்போர்ட்டோடு வந்தாள். அட்டையில் பாதி நீலம், பாதி ஆரஞ்சு நிறத்தில் மூளைப் படம்.

"பெரியப்பா, இவனுக்கு வலது மூளைதான் ஸ்ட்ராங்காம். கணக்கு அவ்வளவா வராதுன்னு போட்டிருக்காங்க."

"எந்த மிஷின்லம்மா எடுத்தாங்க?"

"மிஷினெல்லாம் இல்ல. பத்து விரல் ரேகையையும் எடுத்தாங்க."

கைரேகை ஜோசியத்துக்கு மூளைப் படத்தை அட்டையாகப் போட்டிருக்கிறார்கள். வலது மூளைக்காரர், இடது மூளைக்காரர் என்று ஆட்களே கிடையாது என்பதை 2013-இல் யூட்டா பல்கலைக்கழகம் 1,011 பேரின் மூளையை எஃப்.எம்.ஆர்.ஐ. தரவில் ஆராய்ந்தே சொல்லியிருக்கிறது. சில வேலைகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மனிதர்கள் அப்படிச் சாய்வதில்லை. கட்டிய பணத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்தப் பையன் என்னிடம் வந்து, "தாத்தா, எனக்குக் கணக்கு வராது, என் மூளையே அப்படி" என்றான். எட்டு வயதில்! மார்க் குறைந்தால் அடுத்த பரீட்சையில் பார்த்துக்கொள்ளலாம். மூளையே அப்படி என்று ஒரு பிள்ளை நம்பிவிட்டால் அதை எந்த டியூஷனில் சரிசெய்வது?

ஆகவே என்னைப்போன்ற தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வண்ணம் பூசிய மூளை உங்கள் கைப்பேசிக்கு வந்தால், நான்கு கேள்வி கேளுங்கள். எத்தனை பேரைச் சோதித்தார்கள்? அவர்களுக்கு என்ன வேலை கொடுத்தார்கள்? எதோடு எதை ஒப்பிட்டார்கள்? இந்தப் படத்தைக் காட்டுகிறவர் நம்மிடம் எதையாவது விற்கிறாரா? முதல் மூன்றுக்கும் பதில் இல்லாமல், நான்காவதற்கு மட்டும் 'ஆம்' என்று வந்தால், அந்தப் படத்தை வேறு யாருக்கும் அனுப்பாமல் அங்கேயே அழித்துவிடுங்கள். பேரப்பிள்ளைகளின் தலையில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பக்கத்தில் உட்கார்ந்து அவர்களோடு கொஞ்ச நேரம் பேசுங்கள். அதற்கு நமக்கு நேரம் இருக்கிறது.