தோல் என்பது முதல், விஷம் என்பது வட்டி

பாம்பைக் கண்டால் படையும் நடுங்கும் என்பார்கள். நம்மூரில் படை நடுங்குவதில்லை, கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறது. அடித்து முடித்த பிறகுதான் அது சாரையா, நாகமா என்ற விசாரணையே நடக்கும். இது ஒரு கட்சி.

இன்னொரு கட்சி நகரத்தில் இருக்கிறது. "காட்டைப் பூட்டு, மனுஷனை வெளியே அனுப்பு, எல்லாம் சரியாகிவிடும்" என்பது அவர்கள் கொள்கை. இந்த இரண்டு கட்சிக்கும் பதில், மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் நாற்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதாகத்தான் காணோம்!

ஒரு காலத்தில் இருளர்கள் பிடித்த பாம்புகள் தோலாக உரிக்கப்பட்டு, பெல்ட்டும் கைப்பையும் செய்யக் கப்பலேறின. 1972ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976ல் தோல் ஏற்றுமதிக்குத் தடை. தடை நியாயமானதுதான். ஆனால் வியாபாரிக்கு வேறு சரக்கு கிடைத்துவிடும். பாம்பை மட்டுமே தெரிந்தவனுக்கு? சட்டம் போட்டவர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கவில்லை.

பதில் 1978ல் வந்தது. ராமுலஸ் விட்டேகரின் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் உருவானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் - இந்த நான்கையும் பிடித்து வருவார்கள். மண்பானையில் வைத்து, சில வாரங்களில் சில முறை விஷம் எடுப்பார்கள். வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி மறுபடி வெளியில் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்கு ஏற்றித்தான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. இந்திய மருந்துக் கம்பெனிகளுக்குப் போகும் விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான்.

கணக்குப் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தோல் உரிப்பது முதலைத் தின்பது. விஷம் எடுப்பது வட்டியில் வாழ்வது. பாம்பு உயிரோடு இருந்தால்தான் வருமானம் என்றான பிறகு, அதைக் காப்பாற்றத் தனியாகக் காவல்காரன் எதற்கு?

"விஷம் எடுப்பதும் ஒருவகைச் சித்திரவதைதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. பாம்புக்குத் தொல்லைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு ஆய்வின் மதிப்பீட்டின்படி, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர். வருஷத்துக்கு 58,000. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். மருந்து இருக்கிறது என்ற நம்பிக்கை இல்லாத ஊரில், கட்டையைக் கீழே போடு என்று யாருக்கு உபதேசம் செய்வது?

நிஜமான குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே இனப் பாம்பாக இருந்தாலும் விஷம் ஊருக்கு ஊர் மாறுகிறது. தமிழ்நாட்டு விஷத்தில் செய்த மருந்து ராஜஸ்தானிலோ வங்கத்திலோ அதே அளவு வேலை செய்யாது என்று விஞ்ஞானிகள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அப்படியென்றால் அங்கங்கே பாம்பு தெரிந்த ஜனங்களை வைத்து, வடநெம்மேலி மாதிரி பல சங்கங்கள் வந்திருக்க வேண்டாமா? பாம்புக்கடிச் சாவை 2030க்குள் பாதியாக்குவதாக மத்திய அரசு 2024ல் திட்டம் வெளியிட்டது. திட்டம் காகிதத்தில் கடிக்காது, காப்பாற்றவும் காப்பாற்றாது.

வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களை 2017ல் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் ப்ளோரிடா அழைத்தது. 2023ல் இந்தியா பத்மஸ்ரீ கொடுத்தது. சந்தோஷம். ஆனால் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று வனத்துறை அனுமதிக் காகிதம் வந்தால்தான் சங்கத்தில் வேலை. அது தாமதமானால் பானைகள் காலி, அடுப்பும் காலி.

கூட்டாளி என்றால் முடிவெடுக்கும் மேஜையிலும் ஒரு நாற்காலி வேண்டும். பாம்புப் புற்றுக்குள் கைவிடும்போது மட்டும் கூட்டாளி, கையெழுத்துப் போடும்போது மனுதாரர் என்றால், அதற்குப் பெயர் கூட்டுறவு இல்லை!