ஊமைக்காயம்

கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். பொய் சொல்லுவது என் தொழில். ஆகவே பிறர் சொல்லும் பொய்யையும் தரம் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. எங்கள் திருநெல்வேலிச் சீமைப் போலீஸ் ஸ்டேஷன்களில் எழுதப்படுகிற கதைகளைப் போலச் சப்பென்ற கதைகளை நான் எங்கும் படித்ததில்லை. கதாபாத்திரம் எப்போதும் கழிவறையிலேயே வழுக்கி விழுகிறது. கையோ காலோ அங்கேயே ஒடிகிறது. மறுநாள் மாவுக்கட்டோடு படம் வெளியாகிறது. நாமும் காப்பியைக் குடித்துக்கொண்டே அதைப் பார்த்துச் சிரிக்கிறோம். எனக்கு அந்தச் சிரிப்பின் மேல்தான் கோபம்.

2020 ஜூன் 19ந் தேதி, ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி, சாத்தான்குளத்தில் வியாபாரி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸார் பிடித்தார்கள். சாத்தான்குளம் இன்று தூத்துக்குடி மாவட்டம். 1986 வரை எங்கள் ஜில்லாதான். இருவரும் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். 22ந் தேதி இரவு மகன் இறந்தார். மறுநாள் காலை தகப்பனார் இறந்தார். போலீஸாரின் முதல் தகவல் அறிக்கை சொன்ன கதை என்ன? இருவரும் தரையில் உருண்டு புரண்டார்களாம். அதனால் ஊமைக்காயம் பட்டதாம்.

வெளியே ரத்தம் தெரியாத காயத்துக்குத்தான் ஊமைக்காயம் என்று பெயர். ஆனால் லத்தியிலும் மேஜையிலும் ரத்தக்கறை இருந்ததாகக் கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டிடம் சாட்சி சொன்னவர், அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர். காமிராப் பதிவோ அன்றாடம் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. கடைசியில் ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் வசம் விடும்படி ஐகோர்ட்டு மதுரைக் கிளை சொல்ல நேர்ந்தது.

"அப்பாவிகளை அடித்துக் கொன்றுவிட்டார்களே!" என்று ஊர் கொதித்தது. கொதிக்கவேண்டியதுதான். ஆனால் அந்த 'அப்பாவி' என்ற சொல்லோடு எனக்குச் சண்டை. அப்பாவி அல்லாதவனை அடிக்கலாமா? 2023 மார்ச்சில், தாமிரபரணிக் கரையிலுள்ள அம்பாசமுத்திரத்தில், விசாரணைக்குக் கொண்டுபோனவர்களின் பல்லைப் பிடுங்கியதாக ஓர் உதவி போலீஸ் சூப்பிரண்டின் மேல் புகார் எழுந்தது, வழக்கும் பதிவாயிற்று. சாத்தான்குளத்துக்காகக் கண்ணீர் விட்ட அண்ணாச்சிமார்களே அன்றைக்கு, "அவனுவளுக்கு அப்படித்தான் வேணும்வே" என்றார்கள். பிடிபட்டவன் கடைக்காரனென்றால் ஒரு நியாயம், கையில் பழைய வழக்குள்ளவனென்றால் வேறு நியாயம். குற்றவாளி யார் என்று தீர்மானிக்கத்தானே கோர்ட்டு இருக்கிறது? அந்தத் தீர்மானத்துக்கு முந்திய இரவிலேயே லத்தி இறங்கிவிடுகிறதே!

"அடிக்காமல் உண்மை வருமா?" என்பார்கள். போலீஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்று 1872லேயே சட்டம் எழுதிவிட்டார்கள். எழுதியவன் வெள்ளைக்காரன், தன் போலீஸையே அவன் நம்பவில்லை. அதற்கும் முன்னால், 1855ல், சென்னை ராஜதானியில் நடக்கும் சித்திரவதைகளைப் பற்றி ஒரு கமிஷன் அறிக்கை கொடுத்தது. அதில் கிட்டி, அண்ணாந்தாள் என்ற நம் சொற்கள் அப்படியே இங்கிலீஷில் ஏறியிருக்கின்றன. அன்று நிலவரிக்காகக் கிட்டி போட்டார்கள். 2025 ஜூனில் நகை திருட்டுப் புகாருக்காக, சிவகங்கை மாவட்டம் மடப்புரத்துக் கோயில் காவலாளி அஜித்குமாரைக் கொண்டுபோனார்கள். அவர் உடம்பில் 44 காயங்கள்.

ஈழத்தில் ராணுவத்தின் கையில் ஒப்படைத்த பிள்ளைகளைக் காணோமென்று 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். அதைப் படித்து நாம் உருகினோம். அது யுத்தம், ராணுவம், வேறு தேசம் என்று ஒரு ஆறுதலும் நமக்கு இருந்தது. நம் ஊரில் என்ன நடக்கிறது? "விசாரித்துவிட்டு அனுப்புகிறோம்" என்று ஒருவனை ஜீப்பில் ஏற்றுகிறார்கள். கைது என்று எங்கும் எழுதுவதில்லை. காகிதத்தின்படி அவன் வீட்டிலும் இல்லை, ஸ்டேஷனிலும் இல்லை. அந்த ஒரு ராத்திரிக்கு அவனும் காணாமற்போனவன்தான். இரண்டும் ஒரே அளவு என்று நான் சொல்லவில்லை. ஒரே விதையிலிருந்து முளைத்தவை என்கிறேன். சித்திரவதைக்கு எதிரான சர்வதேச ஒப்பந்தத்தில் 1997லும், ஆட்களைக் காணாமற்போக்குவதற்கு எதிரான ஒப்பந்தத்தில் 2007லும் இந்தியா கையெழுத்து வைத்தது. போட்ட கையெழுத்தை உறுதிசெய்து சட்டமாக்கத்தான் மனசு வரவில்லை.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. கைது செய்யும்போது சாட்சிக் கையொப்பத்தோடு குறிப்பு எழுதவேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்லவேண்டும், காவலில் உள்ளவரை 48 மணிக்கு ஒருமுறை டாக்டர் பார்க்கவேண்டும் என்று டி. கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1996லேயே சொல்லிவிட்டது. இவற்றைக் கேட்டு வாங்க வக்கீல் வேண்டாம், வாயிருந்தால் போதும். பக்கத்து வீட்டுப் பையனை ஜீப்பில் ஏற்றும்போது ஜன்னலைச் சாத்தாமல் வெளியே வந்து, "எந்த ஸ்டேஷன், எதற்காக, குறிப்பு எங்கே?" என்று நாலு பேர் கேட்கவேண்டும். அவன் யோக்கியனா போக்கிரியா என்ற ஆராய்ச்சி அப்போது வேண்டாம். மாவுக்கட்டுப் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் அந்த நாலு பேரில் ஒருவராக வரப்போவதில்லை. ஸ்டேஷனில் கதை எழுதுகிறவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.