ஒரு பரப்பு நிலம்

மார்ச்சு மாதம் பிறந்துவிட்டது. வெம்பிளி ஈலிங் வீதிக் கடைகளிலே புடோலும் பயற்றையும் முருங்கைக்காயும் கடல்கடந்து வந்து குவிந்துகிடக்கின்றன. அவ்வீதிக்குச் சற்று அப்பால், 1920களிலும் 1930களிலும் எழுந்த வீடுகளின் பின்வளவுகளோ, பல இடங்களிற் சீமெந்து பூசப்பட்டும் பற்றை மண்டியும் கிடக்கின்றன. அவ்வீடுகளிலே வாழும் எம்மவர்களுட் பலர் செம்பாட்டு மண்ணைக் கொத்திப் பாத்தி கட்டி, கிணற்று நீர் இறைத்து, வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்த பரம்பரையினர். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் உரமும் எரிபொருளும் மறுக்கப்பட்டபோதும், குழையையும் எருவையும் கொண்டு வளவுகளிலே பயிர்செய்து பிள்ளைகளைக் காத்தவர்கள். அந்த அறிவு இன்று சாளரத்தோரம் வீணே அமர்ந்திருக்கின்றது.

இந்நாட்டிலே பயிர்செய்ய நிலம் கேட்பது இரந்து நிற்பதாகாது. 'அலொட்மென்ற்' எனப்படும் தோட்டத் துண்டுகளைத் தேவைக்கேற்ப வழங்கும் கடமையை 1908ஆம் ஆண்டுச் சட்டம் நகரசபைகள்மீது சுமத்தியுள்ளது. உள் இலண்டன் நகரசபைகளுக்கு இக்கடமை இல்லை. ஆனால் வெம்பிளியை உள்ளடக்கிய பிரென்ற், வெளி இலண்டனைச் சேர்ந்தது. வாக்காளராகப் பதிவுபெற்ற, அல்லது நகரசபை வரி செலுத்துகின்ற ஆறு பேர் சேர்ந்து எழுத்தில் விண்ணப்பித்தால், நகரசபை அதனைக் கவனத்திற் கொண்டேயாக வேண்டும். இலங்கை பொதுநலவாய நாடு ஆகையால், வதிவிட அனுமதி பெற்ற எம்மவர் பிரித்தானியக் குடியுரிமை பெறுவதற்கு முன்னரே வாக்காளராகப் பதியலாம் என்பதையும் இங்கு நினைவூட்டுகின்றோம்.

இத்துண்டின் வழமையான அளவு பத்துப் 'பேர்ச்சஸ்', அதாவது சுமார் 250 சதுர மீற்றர். ஏக்கருக்குப் பதினாறு பரப்பு என்னும் எமது ஊர்க் கணக்கின்படி இது சரியாக ஒரு பரப்பு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், வெற்றிக்காக மண்ணைக் கிளறுங்கள் என அரசு மக்களை அழைத்தபோது, இத்தகைய துண்டுகள் ஏறத்தாழ 14 இலட்சமாகப் பெருகியிருந்தன. இன்று எஞ்சியிருப்பவை சுமார் 3 இலட்சமே. ஆகவே காத்திருப்போர் பட்டியல் நீண்டது, ஆண்டுகள் செல்லலாம். இன்றே பெயர் பதியவேண்டும் என்று நாம் வற்புறுத்துவதும் அதனாலேயே.

ஆனால், ஓரிடத்தில் நிலைத்து வாழ்வோனை எண்ணியே இந்த ஏற்பாடு அமைந்துள்ளது. அகதித் தஞ்சம் கோரிக் காத்திருப்பவருக்கு நிலையான முகவரி ஏது? 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், அரசு வழங்கும் இருப்பிடத்தை அவர் தெரிவுசெய்ய இயலாது. இன்று வெம்பிளி, நாளை வேறொரு நகரம். ஊதியத்துக்கு வேலைசெய்யவும் பொதுவாக அனுமதி இல்லை. கடிதத்தை எதிர்பார்த்து நான்கு சுவர்களுக்குள் நாட்களை எண்ணும் அவ்விளைஞனுக்கே மண்ணும் மண்வெட்டியும் மிகவும் தேவைப்படுகின்றன. துண்டு பெற்றவர்கள் அவனை உதவிக்கு அழைத்துச் செல்லலாம். துண்டை வேறொருவருக்குக் குத்தகைக்கு விடுதல் பெரும்பாலும் விதிமீறலாகும். சேர்ந்து கொத்துவதும் விளைந்ததைப் பகிர்ந்து உண்பதும் அவ்வாறல்ல. எனினும் ஒன்றை மறத்தலாகாது. இந்நிலம் குடும்பத்தின் உணவுக்கானது. கடைக்கு விற்பதற்கு அன்று.

ஊரின் காலக்கணக்கை அப்படியே இங்கு கொண்டுவந்து ஏமாறுதலும் கூடாது. அங்கே ஐப்பசி மழையோடு மண் விழிக்கின்றது. இங்கே அதே வேளையில் உறங்கத் தொடங்குகின்றது. இலண்டன் களிமண் மாரியில் ஒட்டும், கோடையில் வெடிக்கும். ஆண்டுதோறும் மக்கிய எருவை இட்டே அதனை இளக்கவேண்டும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் இம்மாதமும் அடுத்த மாதமும் நடத்தக்கவை. தக்காளிக்கும் மிளகாய்க்கும் இப்போதே வீட்டினுள் நாற்றுப் போடலாம். மே மாத நடுப்பகுதிவரை உறைபனி அபாயம் உண்டாதலால், பூசணியும் புடோலும் பயற்றையும் அதன்பின்னரே வெளியே செல்லவேண்டும். அவற்றிலும் புடோலுக்குக் கண்ணாடிக் கூடாரம் நன்று. கீரைக்கு யூன் மாதம் உகந்தது. எமது அவரையினங்கள் பல, பகல் குறுகும்போதே பூப்பவை. இங்கே யூனில் பகல் 16 மணித்தியாலத்தைத் தாண்டுகின்றது. அது குறுகிப் பூ வரும்போது கூடவே குளிரும் வந்துவிடும். அதற்குப் பதிலாகப் போஞ்சியை நாடுவது புத்தி. வாசலில் செவ்வந்தி நட்டால் இலையுதிர்காலத்திற் சுவாமிப்படத்துக்குப் பூ உண்டு. உள்ளியை ஒக்டோபரில் ஊன்றினால் அது குளிரைத் தாங்கி அடுத்த கோடையில் விளையும். தாவர நலச் சான்றிதழ் இன்றி ஊரிலிருந்து பயணப்பெட்டியில் விதையும் கன்றும் கொண்டுவருதல் வேண்டாம். எல்லையிற் பறிபோவது மட்டுமன்று, நோய்களும் அவற்றோடு வந்து சேரும்.

இனி மரங்களைப் பற்றி ஒரு சொல். எம்மவர்கள் கீரை விதைப்பர், மிளகாய் நடுவர். மரம் நடத் தயங்குவர். பலன்தர ஆண்டுகள் பல செல்லும், அதற்குள் ஊருக்குப் போய்விடுவோம் என்பதே அத்தயக்கத்தின் உட்பொருள். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்தும் கையிலகப்பட்டதோடு எழுந்து நடந்தவர்கள் நாம். வளவில் விட்டுவந்த மாவையும் பலாவையும் எண்ணுகின்ற மனம் மற்றொரு மரத்தில் ஆசை வைக்க அஞ்சுவது இயல்பே. அவ்வச்சத்தை நாம் பழிக்கவில்லை. ஆயினும் போய்விடுவோம் என்று எண்ணிய பத்தாண்டுகள் முப்பதாயின. அன்றே ஓர் அப்பிள் கன்றை நட்டிருந்தால் பேரப்பிள்ளைகள் இன்று அதன் நிழலிலே விளையாடியிருப்பர். கென்ற் மாகாணத்து ஈஸ்ற் மாலிங் ஆய்வு நிலையம் வகைப்படுத்திய குட்டை வேர்க்கன்றில் ஒட்டிய மரங்கள் சிறு வளவுக்கும் போதும். இரண்டு மூன்று ஆண்டுகளிற் காய்க்கவும் தொடங்கும். இலையுதிர்ந்து உறங்கும் நவம்பர் முதல் மார்ச்சு வரையே வெறுவேர்க் கன்றுகளை நடும் காலம். இவ்வாண்டுக்கு இன்னும் சில வாரங்கள் உள்ளன. வாடகை வீடாயின் உரிமையாளரிடமும், அலொட்மென்ற் ஆயின் நகரசபையிடமும் முன்னரே அனுமதி கேட்கவேண்டும். வேறிடம் செல்ல நேரின் நட்ட மரம் அடுத்து வருபவருக்குக் காய்க்கும். எமது வளவுகளிலே நாம் உண்ட கனிகளும் முன்னோர் நட்டவையே.

எமது ஆலயங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் ஊர்ச் சங்கங்களும் விழா மண்டபங்களுக்குச் செலவிடும் ஊக்கத்தில் ஒரு பங்கை இதற்கும் ஒதுக்கட்டும். ஆறு பேரைச் சேர்த்து ஒரு விண்ணப்பம் எழுதட்டும். தஞ்சம் கோரிக் காத்திருப்போர் கூடிப் பயிரிடுவதற்கெனச் சில துண்டுகளைப் பொது அமைப்புகளின் பெயரில் வழங்குமாறு பிரென்ற் நகரசபையைக் கேட்டுக்கொள்கின்றோம். முதியவர்களே, சனிக்கிழமைகளிற் பேரப்பிள்ளையின் கையிலே ஒரு பிடி விதையைக் கொடுங்கள். பாத்தி, வாய்க்கால், எரு, நாற்று என்னும் சொற்களைப் புத்தகத்தில் மட்டும் படித்த பிள்ளைக்கு அவை மறந்துபோகும்; மண்ணிலே கைவைத்துக் கற்றவை மறவா.