மையாடிய எழுத்து

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் விசேட நாட்கள் நீங்கலாக வாரத்தில் திங்களும் வெள்ளியும் மட்டுமே திறந்திருந்த காலம் அது. ஊர் ஓய்ந்திருக்கும் மற்ற நாட்களில் அங்கிருக்கும் நண்பர் ஒருவர் பழைய உரைநூல் ஒன்றைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மெய்ப்புப் பார்க்கத் தானே ஒரு சிறு நிரல் எழுதியிருந்தார். டெர்மினலின் கருந்திரையில் மூலம் சிவப்பாகவும் உரை பச்சையாகவும் ஓடும். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அந்த வெளியீட்டை அப்படியே ஒரு கோப்பில் சேமித்து அச்சகத்துக்கு அனுப்பியதில் வந்தது வினை. செய்யுள்தோறும் தலையில் "[௩௧" என்று எழுதாத குறையாக ஒரு 31, ஓர் அடைப்புக்குறி, ஓர் ஆங்கில எழுத்து. "செய்யுள் எண்ணா சார்? எல்லாமே முப்பத்தொன்றாக இருக்கிறதே?" என்று கேட்டாராம் அச்சுக்கோப்பவர்.

நண்பரைக் குறை சொல்ல மாட்டேன். டெர்மினலுக்கு நிறமும் எழுத்தாகவே போகிறது. கண்ணுக்குத் தெரியாத 27ஆம் எண் குறி ஒன்று, அதன்பின் நிறத்தின் எண். சிவப்புக்கு 31, பச்சைக்கு 32, பழைய நிலைக்குத் திரும்ப 0. 1970களில் தரப்படுத்தப்பட்ட ஏற்பாடு இது. திரை அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். கோப்புக்கு அது வெறும் எழுத்து.

நம்முடைய ஏட்டுச்சுவடி இதைவிடத் தெளிவானது என்பேன். எழுத்தாணி கீறிய எழுத்து முதலில் மங்கலாகத்தான் இருக்கும். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துப் பூசித் துடைத்தால் கீறலில் கருமை தங்கி எழுத்து எழுந்துவரும். மையாடுதல் என்பார்கள். மை மங்கினால் மீண்டும் பூசலாம். கீறல் அப்படியே இருக்கும். நிறம் எழுத்தோடு கலப்பதில்லை.

கிரெப் போன்ற நல்ல கருவிகளுக்கு இந்த ஒழுக்கம் ஓரளவு தெரியும். நிறத்தைத் 'தானியங்கி' என்று அமைத்துவிட்டால், வெளியீடு திரைக்குப் போகும்போது மட்டுமே பூசும். கோப்புக்குப் போனால் விட்டுவிடும். ஆனால் தமிழில் அதுவும் சறுக்குகிறது. "பட" என்று தேடிப் பாருங்கள். "படி"யையும் பிடித்து, டகரத்துக்கும் அதன் இகரக் கொக்கிக்கும் நடுவே நிறக்குறியைச் செருகிவிடும். எழுத்து இரண்டாக உடையும். கணினிக்கு "டி" என்பது இரண்டு குறிகள். நமக்கோ ஓர் உயிர்மெய். தமிழுக்கு நிரல் எழுதுகிறவர்கள் முழு எழுத்தாகப் பிரித்த பிறகே நிறத்தில் கைவைக்க வேண்டும். இதில் சலுகை கூடாது.

இன்னொன்று. அந்த மெய்ப்பைப் பார்த்த மற்றொரு நண்பருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய வராது. மூலம் எது, உரை எது என்று அவர் தடுமாறியது எங்களுக்குத் தெரியவே நாளாயிற்று. கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறார். நிறமே வேண்டாம் என்று பயனர் சொல்வதற்கென்று 'நோ கலர்' என்னும் பொது வழக்கம் ஒன்று 2017இல் முன்வைக்கப்பட்டது. பல நிரல்கள் அதை மதிக்கின்றன. நண்பரின் நிரல் இப்போது அதையும் பார்க்கிறது. ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் "மூலம்", "உரை" என்று எழுத்திலேயே போட்டுவிடுகிறது. சிவப்பை மட்டும் அவர் விடவில்லை.