அலாங்கின் கணக்கில் வராத நுரையீரல்கள்

கப்பல் உடைக்கும் தளமான அலாங்கில் ஒரு தொழிலாளி இறந்தால் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. எண்ணெய்த் தொட்டியில் மிச்சமிருந்த வாயு தீப்பிடித்திருக்கும். வெட்டிய இரும்புத் தகடு மேலே விழுந்திருக்கும். அல்லது அவரே மேல்தளத்திலிருந்து தவறி விழுந்திருப்பார். காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகும், இழப்பீட்டுப் பேச்சு தொடங்கும். குஜராத்தின் பாவ்நகர் மாவட்டக் கடற்கரையில் 1983 பிப்ரவரியில் முதல் கப்பல் கரையேற்றப்பட்டதிலிருந்து, அலாங்கின் பாதுகாப்பு பற்றிய விவாதம் பெரும்பாலும் இத்தகைய மரணங்களைச் சுற்றியே நடந்துவருகிறது. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கொல்வது இந்தப் பட்டியலில் ஏறுவதில்லை. அது கொல்லும்போது தொழிலாளி அலாங்கில் இருப்பதே இல்லை.

பழைய கப்பல் ஒன்றின் இன்ஜின் அறையை எடுத்துக்கொள்வோம். நீராவிக் குழாய்கள், கொதிகலன், புகைபோக்கி என்று சூடாகிற எதுவும் வெறும் இரும்பாக இருக்காது. மேலே துணி, துணிக்கு அடியில் சாம்பல் வெள்ளையில் சுண்ணாம்புக் காரைபோல் தடித்த பூச்சு, அதற்குள் கல்நார். தங்கும் அறைகளின் தடுப்புப் பலகைகள், கதவுகள், கேஸ்கெட்டுகள் ஆகியவற்றிலும் அது உண்டு. குழாய் பழைய இரும்பாக விலைபோக வேண்டுமானால் கேஸ் கட்டர் வைப்பதற்கு முன் உறையை நீக்கியாக வேண்டும். தண்ணீர் தெளித்து, மூடிய அறைக்குள், காற்று வெளியேறாமல் செய்தால் ஒரு குழாய்க்கே நாள் கணக்காகும். கம்பியால் நெம்பிப் பிய்த்தால் சில நிமிடம் போதும். அலாங் பல ஆண்டுகள் இரண்டாவது வழியில்தான் போனது. முகத்தில் சுற்றிய துண்டுதான் முகக்கவசம். கண்ணுக்குத் தெரியாத கல்நார் இழைகளுக்கு மணமில்லை, எரிச்சல் இல்லை. மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். உள்ளே போனால் உடலால் அவற்றைக் கரைக்க முடியாது.

விளைவு தெரியப் பெரும்பாலும் இருபது முதல் நாற்பது ஆண்டுகளாகும். நுரையீரல் தழும்பேறி இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் மீசோதீலியோமா ஆகியவை முக்கியமானவை. மூன்றாவது வந்தவர்களில் பலர் ஓராண்டைத் தாண்டுவதில்லை. புகைபிடிப்பவருக்குக் கல்நாரும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்காகிறது.

இந்தக் கால இடைவெளியையும் அலாங்கின் ஆள் சேர்ப்பையும் சேர்த்துப் பார்த்தால் சிக்கல் புரியும். அங்கு வேலை செய்பவர்கள் பெரும்பாலும் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்தும், உத்தரப் பிரதேசம், பிஹார், ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். சேர்த்துவிடுபவர் மேஸ்திரி. கப்பல் வந்தால் வேலை. வராத பருவத்தில் ஊர், அல்லது சூரத்தின் விசைத்தறி. உடம்பு ஒத்துழைக்கும்வரை இப்படியே போகும். பிறகு ஊரோடு தங்கிவிடுவார். ஐம்பது வயதுக்கு மேல் மூச்சு வாங்கும்போது அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குப் போவார். இருமல், இளைப்பு, எக்ஸ்ரேயில் நிழல் என்றால் நம் ஊர் மருத்துவர்களுக்கு முதலில் தோன்றுவது காசநோய். முப்பது ஆண்டுகளுக்கு முன் எங்கே, என்ன வேலை செய்தீர்கள் என்று யார் கேட்கப்போகிறார்கள்?

2006-இல் உச்ச நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்பக் குழுவின் அறிக்கை ஒரு ஜன்னலைத் திறந்தது. கல்நாரைக் கையாண்ட 94 தொழிலாளர்களை அகமதாபாதில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் 15 பேரின் நுரையீரலில் கோடுகளாக நிழல் தெரிந்தது. நூற்றுக்குப் பதினாறு. பார்க்கப்பட்டவர்கள் இன்னும் வேலையில் இருந்தவர்கள், நடமாட முடிந்தவர்கள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். முடியாமல் ஊருக்குப் போனவர்கள் அந்த 94-இல் இல்லை.

அதே ஆண்டில்தான் பிரான்ஸின் விமானந்தாங்கிக் கப்பல் கிளெமான்ஸோ செய்திகளில் அடிபட்டது. அலாங் நோக்கிப் புறப்பட்ட அந்தக் கப்பலில் எத்தனை டன் கல்நார் இருக்கிறது என்பதிலேயே கடும் சர்ச்சை. 2006 பிப்ரவரியில் அதிபர் சிராக் அதைத் திருப்பி அழைத்தார். கடைசியில் அது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் உடைக்கப்பட்டது. சில மாதங்களிலேயே ‘புளூ லேடி’ வந்தது. ஒரு காலத்தில் ‘பிரான்ஸ்’ என்ற பெயரில் ஓடிய ஆடம்பரப் பயணிக் கப்பல் அது. அதில் கல்நார் கலந்த பொருள்கள் மட்டும் 1,200 டன்னுக்கு மேல். 2007 செப்டம்பரில் அதை உடைக்க அனுமதி கிடைத்தது. பெரும்பகுதி தடுப்பு, கூரைப் பலகைகள்தான், அவற்றை மீண்டும் பயன்படுத்தலாம் என்பது அப்போது முன்வைக்கப்பட்ட சமாதானங்களில் ஒன்று. கல்நார்க் கழிவை மூட்டையில் கட்டி இறக்குமதி செய்ய நம் சட்டம் தடை விதிக்கிறது. அதே கல்நார் கப்பலுக்குள் ஒட்டிக்கொண்டு வந்தால் அது இரும்பு இறக்குமதி.

பிரிட்டனில் இன்றும் ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்டோர் மீசோதீலியோமாவால் இறப்பதாக அரசின் புள்ளிவிவரமே சொல்கிறது. பாரோ-இன்-ஃபர்னஸ், பிளிமத், போர்ட்ஸ்மத் போன்ற கப்பல்கட்டும் ஊர்கள் அந்தப் பட்டியலில் முன்னே நிற்கின்றன. கப்பலில் கல்நாரைப் பூசியவர்களுக்கு இந்த நிலை என்றால், அதே கல்நாரைப் பிய்த்து எடுத்தவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று எந்த மருத்துவ நூலும் சொல்லவில்லை. அலாங்குக்கு முன் உலகின் பெரிய கப்பல் உடைக்கும் தளமாக இருந்த தைவானின் காவோசியுங்கில் இதை ஆராய்ந்தே பார்த்தார்கள். தொழிற்சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை நாட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். நுரையீரல் புற்றுநோய் உள்ளிட்டவை இயல்பைவிட அதிகமாக இருந்தது தெரிந்தது. தொழில் அங்கே முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் இது சாத்தியமானதற்குக் காரணம் அந்தப் பெயர்ப் பட்டியல்.

நம்மிடம் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, தொழிலாளியின் உடல்நலத்தை வாழ்வுரிமையின் பகுதி என்றது. கல்நார்த் தொழிலாளியின் மருத்துவப் பதிவை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்ட பிறகு 15 ஆண்டுகள், எது பிந்தையதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நோயின் இயல்பை உணர்ந்து எழுதப்பட்ட உத்தரவு. ஆனால், அது கல்நார் ஆலையையும் சுரங்கத்தையும், நிரந்தர முதலாளியையும் சம்பளப் பட்டியலையும் மனதில் வைத்தது. மேஸ்திரி மூலம் வந்து, தளத்துக்குத் தளம் மாறி, சம்பளச் சீட்டே பார்க்காதவருக்கு யார் பதிவேடு எழுதுவது?

தள உரிமையாளர்கள் தரப்பையும் கேட்க வேண்டும். இன்றைய அலாங் பழைய அலாங் இல்லை என்கிறார்கள். அது பெருமளவு உண்மை. அபாயப் பொருள்களின் பட்டியலோடு கப்பல்கள் வருகின்றன, பெரும்பாலான தளங்கள் சர்வதேசத் தரச் சான்று பெற்றிருக்கின்றன, கல்நாரைப் பிரித்தெடுக்கத் தனி அறைகளும் புதைக்கத் தனி இடமும் இருக்கின்றன. 2019-இல் கப்பல் மறுசுழற்சிச் சட்டம் வந்தது. கப்பல் மறுசுழற்சிக்கான சர்வதேச ஹாங்காங் ஒப்பந்தம் 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. இவை யாவும் இன்று வேலைக்குச் சேர்பவருக்குப் பயன்படும். அலாங்கில் பழைய முறையில் வேலை மும்முரமாக நடந்தது 1990-களில். அப்போது இருபது வயதில் போனவருக்கு இப்போது ஐம்பது. கல்நார் நோய் தலைகாட்டும் வயது. இந்தத் தலைமுறையைப் பற்றி எந்தச் சான்றிதழிலும் ஒரு வரி இல்லை.

எனவே பதிவேடு தளத்தோடு இல்லாமல் தொழிலாளியோடு நகர வேண்டும். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் எண் 2021 முதல் இருக்கிறது. கப்பல் உடைக்கும் வேலையில் எந்த ஆண்டு, எவ்வளவு காலம் என்ற இரண்டு கேள்விகளை அதில் சேர்ப்பது கடினமில்லை. கஞ்சம் போன்ற மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனைக்கு வருபவரிடம் பழைய வேலையைக் கேட்டுக் குறிக்கலாம். தூசு நோய் எக்ஸ்ரேக்களைப் படிக்கப் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவராவது மாவட்டத்துக்கு வேண்டும். ஆஸ்பெஸ்டோசிஸ் உள்ள முன்னாள் தொழிலாளி சிகிச்சைக்கு வந்தாலும் மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டமே சொல்லியிருந்தது. தவறினால் அபராதம் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய்! அந்தச் சட்டம் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. நாற்பது வயதுக்கு மேற்பட்டோருக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை என்கிறது தொகுப்பு. ஆனால், அதுவும் வேலையில் இருப்பவருக்குத்தான்.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி வரும். கப்பல்கள் எடைக்குத்தான் விற்கப்படுகின்றன. டன்னுக்கு இவ்வளவு டாலர் என்று பேரம் நடக்கிறது. அந்த எடையின் மேல், டன்னுக்குச் சில ரூபாய் மேல்வரி விதித்து, முன்னாள் தொழிலாளர்களின் பரிசோதனைக்கும் இழப்பீட்டுக்கும் தனி நிதி ஒன்று தொடங்கலாம். அதைக் குஜராத் கடல்சார் வாரியம் வசூலிக்கலாம். செலவிடும் பொறுப்பில் ஒடிசாவுக்கும் பிஹாருக்கும் இடம் இருக்க வேண்டும், நோயாளிகள் இருப்பது அங்கேதான்.