வெற்றிலை மென்ற மீனும் வீட்டுத் தொட்டியும்

வெற்றிலை மென்றவன் என்னும் பொருள்படச் சிங்கள மக்கள் ஒரு சிறு மீனுக்குப் பெயரிட்டிருக்கின்றனர். 'புலத் ஹபயா' என்பது அப்பெயர். களனி கங்கை தொடக்கம் நில்வள கங்கை வரையுள்ள ஈரவலயத்து நிழல் ஓடைகளில் வாழும் இம்மீன் ஒரு விரலின் நீளத்தைத் தாண்டுவதில்லை. வெளிர்மஞ்சள் உடலிலே கறுத்த பட்டைகள் மூன்று. சாதாரண நாளில் அதன் அழகு அவ்வளவுதான். ஆனால், இனம்பெருக்கும் பருவம் வந்துவிட்டாலோ ஆண்மீனின் தலையும் முன்னுடலும் செக்கச்செவேலெனச் சிவந்து, பின்னுடல் கரியெனக் கறுத்துவிடும். விருந்துண்டு தாம்பூலம் தரித்து எழுந்துவரும் பெரியவரின் வாயைப் பார்த்தவர் எவரும் இப்பெயரின் பொருத்தத்தை மறுக்கமாட்டார்.

1868ஆம் ஆண்டில் குந்தர் என்னும் அறிஞர் இம்மீனுக்கு அறிவியற் பெயர் சூட்டினார். அதன்பின் அது கடல் கடந்து, மேல்நாட்டார் வரவேற்பறைகளிலெல்லாம் கண்ணாடித் தொட்டிகளிற் குடியேறிவிட்டது. அதன் அயலவனான 'லே தித்தயா'வின் கதையும் இதுவே. 'லே' என்றால் குருதி. அந்நிறமுடைய இச்சிறு மீனை 1929ஆம் ஆண்டில் உலகுக்கு அறிமுகஞ் செய்தவர், பின்னாளில் நம் தேசிய அரும்பொருளகங்களின் பணிப்பாளராக விளங்கிய பி. இ. பி. தெரணியகலை அவர்கள். மக்கள் வழங்கிய பெயரை அவர் ஒதுக்கவில்லை. 'தித்தயா'வை அப்படியே அறிவியற் பெயரிற் சேர்த்துக்கொண்டார். 1937இல் அவர் விவரித்த 'மல்புலுத்தா'வோ இன்னும் ஒரு படி மேல். சிங்களப் பெயரே ஒரு பேரினத்தின் பெயராயிற்று. அப்பேரினம் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை.

நமக்கோ இவையெல்லாம் கெண்டைக்குஞ்சு என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. கடைக்குச் சென்று பிள்ளைகள் கேட்டு வாங்குவது சீனத்துப் பொன்மீனையும் தென்னமெரிக்காவின் கப்பி மீனையுந்தான். இலங்கையின் நன்னீரில் வாழும் நூறளவான மீனினங்களுட் பாதிக்கு மேற்பட்டவை வேறெந்த நாட்டிலும் இயற்கையாக இல்லாதவை என்பதை நம் மாணாக்கருள் எத்தனைபேர் அறிவர்? ஆகவேதான், தொட்டி வைக்க விரும்பும் குடும்பங்களுக்கு நம் நாட்டு மீன்களைச் சிபாரிசு செய்யத் துணிகின்றோம். இதில் ஒரு சிக்கலும் உண்டு. அதைப் பின்னர் சொல்வோம்.

முதலில் தண்ணீர். மீன் வளர்ப்பதென்பது உண்மையில் தண்ணீரை வளர்ப்பதே. ஈரவலயத்து ஓடைநீர் மென்னீர். இலைச்சருகு ஊறியதால் சற்றே புளிப்புத் தன்மையுடையது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரோ சுண்ணாம்புக் கற்பாறையினூடே ஊறி வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படிந்திருப்பதைச் சுரண்டிப் பாருங்கள், விளங்கும். புலத் ஹபயாவைக் கொண்டுபோய் அந்நீரில் விட்டால், உயிரோடிருக்கலாம். ஆனால் வெற்றிலை மென்ற கோலத்தைக் காண்பது அரிது. அதற்கு மழைநீர் வேண்டும். கூரையைக் கழுவிக்கொண்டு வரும் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்துவரும் நீரைச் சேர்த்துக் கிணற்று நீருடன் கலந்து பயன்படுத்துதல் நன்று. காய்ந்த வாதுமை இலை இரண்டொன்றை அடியில் இட்டால் நீர் தேநீர்ச் சாயல் பெறும். பார்ப்பவர் 'அழுக்குத் தண்ணீர்' என்பார்கள். மீன் அவ்வாறு நினைப்பதில்லை.

இத்தனை பாடுபடுவானேன் என்று வடக்கிலும் கிழக்கிலும் உள்ள நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உங்கள் நீருக்கென்றே பிறந்த மீன்களும் இருக்கின்றனவே! மட்டக்களப்பு வாவியில் உணவுக்காகப் பிடிக்கும் செத்தல் மீனை அறியாதார் அங்கில்லை. அதற்கு ஒரு சிறிய உறவுமீன் உண்டு, செம்மஞ்சள் உடலும் நடுவிலே ஒரு கரும்புள்ளியும் உடையது, உள்ளங்கைக்குள் அடங்கும். உவர்நீரிலும் வாழும், கடின நீருக்கும் அஞ்சாது. தாயும் தந்தையும் மாறிமாறி நின்று முட்டைகளைக் காப்பதும், பொரித்த குஞ்சுகள் பெற்றோரின் உடலில் ஊறும் வழுவழுப்பான படலத்தைக் கொத்தி உண்பதும் வீட்டுத் தொட்டியிலேயே காணத்தக்க காட்சிகள். பாலூட்டாத உயிரினத்தில் இப்படியுமொரு தாய்மையா என்று எமக்கு எப்போதும் வியப்புத்தான். தந்தையும் அதே வேலையைச் செய்கிறதே என்பது அதனினும் பெரிய வியப்பு. உலர்வலயக் குளங்களிலே வாலடியில் கரும்பொட்டும், ஆண்மீனாயின் முதுகுச் செட்டையில் நீண்ட இழைகளும் கொண்ட கெண்டை ஒன்று கூட்டமாய்த் திரிவதைக் காணலாம். அதுவும் தொட்டிக்கு ஏற்றதே. ஆனால் நன்கு வளர்வதாகையால் பெரிய தொட்டி வேண்டும்.

சிறு மீன்களுக்கு இரண்டடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமுங் கொண்ட தொட்டி போதும். ஏறக்குறைய 55 லீற்றர் நீர் கொள்ளும். குழாய்நீராயின் ஒருநாள் திறந்து வைத்து, குளோரின் நீங்கிய பின்னரே ஊற்றுதல் வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்படுகின்றனர். காலையில் தொட்டி, மாலையில் இருபது மீன், வாரமுடிவில் வெறுந்தொட்டி! மீனின் கழிவிலிருந்து அமோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. அதை நைத்திரைற்றாகவும், பின் அவ்வளவு கேடில்லாத நைத்திரேற்றாகவும் மாற்றுபவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவை மணலிலும் கல்லிலும் வடிகட்டியிலும் குடியேறிப் பெருகுவதற்கு ஒரு மாதத்துக்கு மேலாகலாம். அதுவரை இரண்டு மூன்று மீனுக்கு மேல் வேண்டாம். பின்பு வாரந்தோறும் காற்பங்கு நீரை மாற்றினாற் போதும். முழுவதையும் இறைத்துக் கழுவினால் அந்நுண்ணுயிர்களும் போய்விடும். நம் பெண்மணிகளின் துப்புரவு உணர்ச்சி போற்றத்தக்கதே எனினும், இவ்விடத்தில் மாத்திரம் சிறிது அடக்கிக்கொள்ள வேண்டுகின்றோம்.

கொசுப்புழு மீனுக்கு உயர்ந்த உணவுதான். ஆனால் அதற்காகச் சட்டியில் நீர் தேக்கிப் புழு வளர்க்கப் புகாதீர்கள். டெங்கு நோய் ஒருபுறமிருக்க, 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி அது குற்றமுமாகும்.

இனி, முன்னர் சொன்ன சிக்கலுக்கு வருவோம். மீனை எங்கே பெறுவது? கேகாலை மாவட்டத்திலே கலப்பிட்டமடைக்கு அருகே, வயலுக்கும் இரப்பர் தோட்டத்துக்கும் இடையில் ஓடும் ஒரு சிற்றோடையில், நாலு சென்ரிமீற்றர்கூட நீளாத ஒரு கெண்டையை 1991ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் புதிய இனமென அறிவித்தனர். 'பந்துல' என்று அதற்குப் பெயர். அன்றைக்கு உலகம் முழுவதிலும் அதற்கு இருந்த வீடாக அறியப்பட்டது அந்த ஓடை ஒன்றே. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தும், வலையோடு இறங்கும் இரண்டுபேரும் போதும், ஓர் இனத்தின் கதையை முடிப்பதற்கு. புலத் ஹபயாவுங்கூட ஏற்றுமதிக்காக அளவின்றி அள்ளப்பட்டதனால் சில ஓடைகளில் அருகிப்போனது. இதனாலேயே, எவ்வுயிரையும் ஓடையிலிருந்து எடுக்கலாகாது என்பார் ஒரு சாரார்.

அவர்களோடு முற்றாக உடன்பட எம்மால் இயலவில்லை. வீட்டருகே வாய்க்காலில் துள்ளும் கெண்டைகளில் நாலைந்தை ஒரு சிறுவன் துணியால் வடித்தெடுத்து வளர்ப்பதால் அவ்வினம் அழிந்துவிடாது. ஒரு நாளும் மீனைக் கூர்ந்து பார்த்திராத பிள்ளை, அவ்வாய்க்காலை மண்ணிட்டு மூடும்போது வருந்தப்போவதுமில்லை. ஆனால் ஈரவலயத்து அரிய மீன்களின் நிலை வேறு. அவற்றுட் பல சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டவை. காப்பு வனங்களிலிருந்து எதையும் எடுத்தல் குற்றம். அவற்றை விரும்புவோர் பண்ணையிற் பிறந்தவற்றையே கேட்டு வாங்குதல் வேண்டும். லே தித்தயாவும் புலத் ஹபயாவும் தொட்டியிலேயே எளிதில் முட்டையிடுபவை. நெருக்கமான பாசியினிடையே முட்டையிட்டவுடன் தாய்தந்தையரை வேறிடத்துக்கு மாற்றிவிட்டால், ஓரிரு நாளிற் குஞ்சு பொரிக்கும். மாற்றாவிடின் அவர்களே முட்டைகளைத் தின்றுவிடுவார்கள்! வாவி மீனின் பாசத்தைப் படித்துவிட்டு எல்லா மீனையும் அவ்வாறே எண்ணிவிடலாகாது.

வவுனியாவிலிருந்து எழுதியுள்ள ஒரு மாணவி, விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பும்போது தம் மீன்களைக் குளத்தில் விட்டுவிடலாமா என்று வினவுகின்றார். கூடாது, தங்கையே. கடையில் வாங்கியது எதுவாயினும் குளத்திற் சேரலாகாது. 'டாங்க் கிளீனர்' என்று விற்கப்படும் முட்தோல் மீனும், வெளிநாட்டுக் கத்திமீனும் அவ்வாறு இரக்கப்பட்டு விடப்பட்டவையே. இன்று நம் நீர்நிலைகளில் அவை பெருகியிருக்கின்றன. நம் நாட்டு மீனாயினும், களனியில் பிறந்ததை வவுனியாக் குளத்தில் விடுதல் முறையன்று. தொட்டியிற் பிடித்த நோயும் அதனுடன் போகும். தம்பியோ தோழியோ இருந்தால் அவர்களிடம் ஒப்படையுங்கள். இல்லையேல் வாங்கிய கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். உணவு இடுபவரிடம் ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகைதான் என்று மறவாமற் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.